கேபிளும் வைஃபையும்: இரு கணினிகள் பேசிக்கொள்ளாத வீட்டில் கோளாறு தேடும் வழி

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், புக்கிட் பெலண்டோக்கில் அக்காள் வீட்டுக் கூடத்தில் ஒரு மேசைக் கணினி இருக்கிறது. கோயில் திருவிழா, கல்யாணங்கள், அப்பா கடைசியாகத் தோட்டத்துப் பெரட்டுக்குப் போன காலை என்று பதினைந்து ஆண்டுப் படங்கள் அதில்தான் கிடக்கின்றன. பின்கட்டு அறையில் அக்காள் மகளின் மடிக்கணினி. இரண்டிலும் இணையம் வருகிறது; யூடியூப் ஓடுகிறது. ஆனால் படங்களை மாற்றுவதற்காக மடிக்கணினியிலிருந்து மேசைக் கணினியைத் திறக்கப் போனால், அப்படி ஒரு கணினியே இல்லை என்று பதில் வருகிறது.

“ரெண்டும் ஒரே வீட்டுலதானே மாமா இருக்கு? அமெரிக்கா வரைக்கும் போகுது, கூடத்துக்கு வரமாட்டேங்குது” என்றாள் அவள்.

அவள் கேட்டதிலேயே ஒரு துப்பு இருந்தது. இணையம் வேறு, வீட்டு வலை வேறு. தொடர்புக் கோபுரம் பழுதாகி இணையம் நின்றாலும் வீட்டுக்குள் இரு கணினிகள் பேசலாம். இணையம் தடையில்லாமல் வந்தாலும் அவை பேசாமல் இருக்கலாம். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி, இல்லிருப்புக் கற்றல் வந்த பிறகு, தோட்டப்புறத்துத் தாமான்களிலும் பல வீடுகளில் இரண்டாவது கணினி நுழைந்தது. அதோடு இந்தச் சிக்கலும் நுழைந்தது.

இரண்டு கணினிகளை இணைக்கக் கேபிள், வைஃபை என்று இரு வழிகள் உண்டு. அக்காள் வீட்டில் இரண்டும் இருந்தன: மேசைக் கணினி கேபிளில், மடிக்கணினி வைஃபையில். எது வேகமானது என்று பலர் ஒப்பிட்டிருக்கிறார்கள். நான் இங்கே ஒப்பிடுவது வேறொன்றை. கோளாறு வந்தால் எந்த வழி அதை வெளியே காட்டும், எது மறைக்கும், ஒவ்வொன்றிலும் எப்படித் தேட வேண்டும் என்பதையே பார்க்கப் போகிறேன்.

ஒரு வேரில் இரு கிளைகள்

கேபிள் பழையது, வைஃபை புதியது என்றே நினைக்கிறோம். வரலாறு சற்று வேறு. 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சனும் அவருடைய குழுவினரும் தீவுகளில் கிடந்த கணினி முனையங்களை வானொலி அலையால் இணைத்தார்கள். அதற்கு அலோஹாநெட் என்று பெயர். எல்லாரும் ஒரே அலைவரிசையில் பேசினார்கள். இருவர் பேச்சு மோதிக்கொண்டால் சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்பினார்கள். இந்த ஏற்பாட்டைப் படித்து வளர்த்த ராபர்ட் மெட்கால்ஃப், 1973 மே 22ஆம் நாள் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் எழுதிய குறிப்பில் ஈதர்நெட் என்னும் கேபிள் வலைக்கு உருவம் தந்தார். வைஃபையின் முதல் தரவரையறை 1997இல்தான் வந்தது. ஆக, கேபிள் வலையே காற்றிலிருந்து பிறந்ததுதான்.

பிறகு இரண்டும் வேறு திசையில் வளர்ந்தன. இன்றைய ரூட்டரில் ஒவ்வொரு கேபிளும் ஒவ்வொரு கணினிக்கும் தனிப்பாதை. இருவர் பேச்சு மோத வழியில்லை. வைஃபையோ இன்னும் பொதுவெளியில் நடக்கும் பேச்சு. ஒரு நேரத்தில் ஒருவர் பேச மற்றவர் பொறுக்க வேண்டும். அடுத்த வீட்டு ரூட்டரும் அதே அலைவரிசையில் இருந்தால் அதன் பேச்சுக்கும் இடம் விட வேண்டும். கேபிளில் கோளாறு பெரும்பாலும் நம் வீட்டுக்குள்தான் இருக்கும். வைஃபையில் அது வேலிக்கு அப்பாலும் இருக்கலாம்.

இரண்டிலும் கோளாறு மூன்று இடங்களில் ஒன்றில்தான் ஒளிந்திருக்கும்: பாதை, முகவரி, அனுமதி. இந்த மூன்றையும் வரிசையாக எடுத்து இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம்.

பாதை: அறுவதும் தேய்வதும்

கேபிளின் கோளாறு கண்ணுக்குத் தெரியும். கணினியின் பின்புறம் கேபிள் நுழையும் துளையருகே சிறு விளக்கு இருக்கும். எரிந்தால் மறுமுனை உயிரோடிருக்கிறது என்று பொருள். எரியாவிட்டால் கேபிள், துளை, ரூட்டர் இம்மூன்றில் ஒன்று கெட்டுவிட்டது. கேபிளை வேறு துளையில் செருகிப் பார்க்கலாம். அப்போதும் எரியாவிட்டால் கேபிளையே மாற்றிப் பார்க்கலாம். ஐந்து நிமிடத்தில் மூன்றில் எது என்று தெரிந்துவிடும்.

ஆனால் கேபிளும் ஓரிடத்தில் பாதிதான் சொல்லும். அதற்குள் எட்டு மெல்லிய கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு இணைகளாக ஓடுகின்றன. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு இணைகள் போதும். 1000 மெகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். மீதி இரண்டு இணைகளில் ஒரு கம்பி மட்டும் அறுந்தால் விளக்கு எரியும், இணையமும் வரும், வேகம் மட்டும் பத்தில் ஒன்றாக இறங்கிவிடும். 10 ஜிகாபைட் படங்கள் முழு வேகத்தில் ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் போகும். 100 மெகாபிட்டில் கால் மணி நேரம் பிடிக்கும். கணினியின் வலையமைப்புத் தகவலில் இணைப்பு வேகம் 100 என்று காட்டினால் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும். அக்காள் வீட்டில் அப்படித்தான் காட்டியது. மேசையைத் தள்ளிப் பார்த்தால், சுவரோரம் எலி கடித்த தடம். செம்பனைக் காட்டை ஒட்டிய வீடுகளுக்கு இது புதிதல்ல. தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்தவே கூண்டு வைத்து ஆந்தை வளர்க்கிறார்கள்.

வைஃபையின் கோளாறு இப்படி அறுவதில்லை, தேய்கிறது. காலையில் வரும், மாலையில் தடுமாறும். கதவைத் திறந்தால் வரும், மூடினால் போகும். திரையில் தெரியும் கோடுகளும் முழு உண்மை அல்ல. ரூட்டர் பேசுவது மடிக்கணினிக்கு எவ்வளவு கேட்கிறது என்பதைத்தான் அவை காட்டுகின்றன. மடிக்கணினியின் சிறு குரல் ரூட்டருக்குக் கேட்கிறதா என்பதை அவை சொல்வதில்லை.

தோட்டப்புற வீட்டுக்கே உரிய தடைகளும் உண்டு. பலகைச் சுவரை அலை எளிதாகக் கடக்கும். ஆனால் பின்கட்டை இணைக்கும்போது வைத்த ஜிங்க் தகடு அலையைத் திருப்பி அடிக்கும். நிலைக்கண்ணாடியும் குளிர்பெட்டியும் அப்படியே. தண்ணீர்த் தொட்டி அலையை உறிஞ்சும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைத் தாண்டித் தூரம் போகும். ஆனால் நெரிசல் மிக்கது, மைக்ரோவேவ் அடுப்பும் அதே வரிசையில்தான் இரைகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, இரண்டு சுவர் தாண்டினால் களைத்துவிடும்.

ஆகவே இரண்டுக்கும் சோதனை வேறு. கேபிளைக் கையால் தொட்டு, மாற்றிச் சோதிக்கிறோம். வைஃபையை இடம் மாற்றிச் சோதிக்க வேண்டும். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ரூட்டருக்குப் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். அங்கே சரியாக வந்தால் கோளாறு பாதையில். அங்கேயும் வராவிட்டால் சுவரையும் ஜிங்க்கையும் குறை சொல்லிப் பயனில்லை.

இரண்டுக்கும் பொதுவான அளவுகோல் ஒன்று உண்டு. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர் எழுதிய சிறு நிரல் அது. நீர்மூழ்கியின் ஒலிக்கருவி எழுப்பும் ஓசையை வைத்து பிங் என்று அதற்குப் பெயரிட்டார். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க ஒரு சொல் போதும்: பெரட்டு. விடியலில் தோட்டத்துக் கணக்கரான கிராணி பெயரைக் கூப்பிடுவார், ஆள் குரல் கொடுப்பார். பிங் செய்வதும் இதுவே. கறுப்புத் திரையில் பிங் என்று எழுதி, மற்ற கணினியின் முகவரியைக் கொடுத்தால் கூப்பிடும். பதில் வர எத்தனை மில்லிநொடி ஆயிற்று என்று சொல்லும். நூறு முறை கூப்பிட்டுப் பாருங்கள். நல்ல கேபிளில் நூறு அழைப்புக்கும் ஒரு மில்லிநொடிக்குள் பதில் வரும். வைஃபையில் 3, 5, சில சமயம் 80 என்று ஏறி இறங்கும், ஒன்றிரண்டு பதில் வராமலும் போகும். கேபிளில் ஒரு பதில் தவறினாலும் காரணம் தேட வேண்டும். வைஃபையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு இயல்பு, பத்து இருபது தவறினால் நோய். ஒரே அளவுகோலை இரண்டுக்கும் வெவ்வேறாகப் படிக்கத் தெரிய வேண்டும்.

இடிக்கும் இங்கே ஓரிடம் உண்டு. உலகில் அதிகம் இடி விழும் நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. செம்புக் கம்பி மின்னலின் மின்பாய்ச்சலைக் கணினிவரை கொண்டுபோய்விடும். மறுநாள் ரூட்டரில் வைஃபை நன்றாக இருக்க, கேபிள் துளை மட்டும் செத்துக் கிடக்கும். அதைப் பார்த்துக் கணினி கெட்டது என்று முடிவுகட்டிவிடக் கூடாது; முதலில் வேறு துளை. காற்று வழிக்கு இந்த ஆபத்து இல்லை. மழை இருட்டும்போது ரூட்டரின் மின்செருகியோடு கேபிளையும் கழற்றி வைப்பது நல்ல பழக்கம்.

முகவரி: யாருக்கு எந்த நிரை

பாதை நன்றாயிருந்தும் பேச்சு நடக்காவிட்டால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஐபி முகவரி. ரப்பர் தோட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை ஒதுக்கியதுபோல, ரூட்டர் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் ஒதுக்குகிறது, 192.168.0.12 என்பது போல. பெரும்பாலான வீடுகளில் முதல் மூன்று பகுதிகள் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே தோட்டத்து ஆட்கள். கடைசிப் பகுதி ஆளுக்கு ஆள் வேறாக இருக்க வேண்டும். ஒரே எண் இருவருக்குப் போனால், ஒரே நிரையில் இருவர் வாளியோடு நின்ற கதைதான்.

இங்கே கேபிளின் பொதுவான கோளாறு, முகவரி கிடைக்காமல் போவது. கணினி தன் எண் 169.254 என்று தொடங்குவதாகக் காட்டினால், ரூட்டரைக் கேட்டுப் பதில் வராததால் தனக்குத்தானே எண் வைத்துக்கொண்டது என்று அறியலாம். மறுபடி பாதைக்குத் திரும்ப வேண்டும். ஆனால் ரூட்டர் இல்லாமல் இரு கணினிகளையும் ஒரே கேபிளால் நேரடியாக இணைத்திருந்தால் இதே எண் நோய் அல்ல. கேட்பார் இல்லாத இடத்தில் இரண்டும் தாமே எண் வைத்துக்கொண்டு பேசும். சற்று நேரம் பொறுத்தால் போதும். பழைய காலத்தில் இப்படி இணைக்கக் கம்பிகளை மாற்றிக் கட்டிய தனிக் கேபிள் வேண்டியிருந்தது. இன்றைய கணினிகள் அதைத் தாமே சரிசெய்துகொள்கின்றன.

வைஃபையின் பொதுவான கோளாறு வேறு: முகவரி கிடைக்கிறது, ஆனால் வேறு தோட்டத்து முகவரி. விருந்தினர் வலையில் சேர்ந்திருக்கலாம். அல்லது பின்கட்டுக்கு அலையைக் கொண்டுபோக வாங்கிய சிறு பெட்டி, அலையை நீட்டுவதோடு நிற்காமல், தானே ஒரு ரூட்டராகித் தனி வலை நடத்தலாம். அக்காள் வீட்டில் நடந்தது இதுதான். மேசைக் கணினிக்கு 192.168.0 என்று தொடங்கும் எண், மடிக்கணினிக்கு 192.168.1. பெட்டிக்குள் இருப்பவர் வெளியே போகலாம், வெளியிலிருப்பவர் உள்ளே வர முடியாது. இணையம் வெளியே போவதுதானே, அதனால் அது தங்குதடையின்றி வந்தது. வீட்டுக் கணினியைப் பெயரால் தேடும் அழைப்பு மட்டும் பெட்டியைத் தாண்டவில்லை. பெட்டியை ரூட்டராக அல்ல, வெறும் அலைநீட்டியாக வேலை செய்யும்படி மாற்றியதும் இரண்டுக்கும் ஒரே வரிசை எண் வந்தது.

இதில் ஒப்பீடு தெளிவாகிறது. கேபிள் எங்கே போகிறது என்பதைக் கண்ணால் தொடர்ந்து பார்க்கலாம். தவறான இடத்தில் செருகினால் தெரியும். வைஃபையில் தவறான வலையில் சேர்ந்திருப்பது தெரிவதில்லை. ஏனெனில் எல்லாம் நன்றாக நடப்பதுபோல் இருக்கும்.

அனுமதி: இரண்டுக்கும் பொதுவான பூட்டு

மூன்றாவது இடத்தில் கேபிளும் வைஃபையும் ஒன்றாகிவிடுகின்றன. பாதை நன்று, முகவரி நன்று, இருந்தும் கதவு திறக்கவில்லை. இது கணினி தானே போட்டுக்கொண்ட பூட்டு.

விண்டோஸ் ஒவ்வொரு வலையையும் பொது இடம் அல்லது தனி இடம் என்று குறித்து வைக்கிறது. பொது இடம் என்றால் மற்றக் கணினிகளிடமிருந்து தன்னை மறைத்துக்கொள்ளும். பிங் கூப்பிட்டாலும் பேசாது. உணவுக் கடையின் வைஃபைக்கு அது பாதுகாப்பு. சொந்த வீட்டில் அதுவே தடை. ஆகவே பிங்குக்குப் பதில் இல்லை என்பதால் பாதை அறுந்தது என்று முடிவு செய்யக் கூடாது. ஆள் களத்தில்தான் நிற்கிறார். வாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

கடவுச்சொல் இல்லாத பயனர் கணக்கு இன்னொரு பூட்டு. வீட்டு மேசைக் கணினிகளில் பலர் கடவுச்சொல் வைப்பதில்லை. அப்படிப்பட்ட கணக்கைக் கொண்டு வலைவழியே உள்ளே வர விண்டோஸ் விடுவதில்லை. ஒரு கடவுச்சொல் வைத்தால் போதும்.

காலமும் பூட்டை மாற்றுகிறது. விண்டோஸ் 7 தந்த ஹோம்குரூப் வசதி 2018இல் விண்டோஸ் 10 புதுப்பிப்பில் நீக்கப்பட்டது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்னும் பிணைத்தொகைப் புழு, கோப்புப் பகிர்வின் முதல் பழைய வடிவத்தின் ஓட்டை வழியே உலகம் முழுதும் பரவியது. அந்த ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் அந்தப் பழைய வடிவம் இயல்பாகச் சேர்க்கப்படவில்லை. நேற்றுவரை பேசிய பழைய கணினியோடு புதியது பேச மறுத்தால் அதற்குக் காரணம் இப்படிப்பட்டதாக இருக்கலாம். பழைய வடிவத்தைத் திரும்பச் சேர்ப்பதைவிட, பழைய கணினியைப் புதுப்பிப்பதே நல்லது.

வைஃபைக்கு மட்டும் கூடுதலாக ஒரு பூட்டு உண்டு. சில ரூட்டர்களில், வைஃபையில் சேர்ந்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்காதபடி பிரித்து வைக்கும் அமைப்பு இருக்கும். விருந்தினர் வலையில் இது பெரும்பாலும் இயக்கத்தில் இருக்கும். கேபிளில் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை.

இந்த ஊர் கற்றுத் தந்தது

முதல் நாள் நான் வரிசையாகத் தேடவில்லை. வைஃபைதான் காரணம் என்று மனத்தில் முடிவுகட்டி, ரூட்டரை இடம் மாற்றினேன், அலைவரிசையை மாற்றினேன், கடவுச்சொல்லை மாற்றினேன். மாலையில் எதை மாற்றினேன் என்பதே குழம்பிவிட்டது. நோய் அறியுமுன் மருந்து கொடுத்திருக்கிறேன். புக்கிட் பெலண்டோக்கில் இருந்துகொண்டு அப்படிச் செய்தது எனக்கு உறுத்தியது.

சருகுமான் குன்று என்று பொருள்படும் இந்த ஊரின் பெயரை மருத்துவ உலகம் அறியும். 1998 செப்டம்பர் கடைசியில் ஈப்போ வட்டாரத்தில் ஒரு மூளைக் காய்ச்சல் தொடங்கியது. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று முதலில் கருதினார்கள். அது கொசுவால் பரவுவது. ஆகவே புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. நோயுற்ற பன்றிகள் தெற்கே கொண்டுவரப்பட்டபோது அதுவும் கூடவே நெகிரி செம்பிலானுக்கு வந்து, 1999 தொடக்கத்தில் சுங்கை நிப்பா, புக்கிட் பெலண்டோக் பண்ணைகளைச் சூழ்ந்தது. அறிகுறிகள் கண்முன் இருந்தன. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் பன்றிகளோடு நெருங்கி வேலை செய்த பெரியவர்கள், தடுப்பூசி போட்டவர்களும் உட்பட. கொசு ஆள் பார்த்துக் கடிப்பதில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதியதொரு வைரஸைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பாவின் பெயரே அதற்கு வந்தது. அதன் இயற்கை இருப்பிடம் பழந்தின்னி வௌவால் என்பது பின்னர் உறுதியாயிற்று. அதற்குள் மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்திருந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

உயிர்களையும் கணினிகளையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. அந்தத் துயரத்துக்கு நிகரில்லை. ஆனால் தேடும் முறைக்கு அது விட்டுச் சென்ற பாடம் எந்தக் கோளாறுக்கும் பொருந்தும். யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை என்று முதலில் கேட்க வேண்டும். ஊகத்தோடு ஒத்துப்போகாத அறிகுறியைத் தள்ளிவிடாமல் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஒப்பீட்டின் முடிவு

இரண்டாம் நாள் அப்படிக் கேட்டேன். மடிக்கணினியை ரூட்டரோடு நேராகக் கேபிளில் இணைத்தேன். அதன் எண்ணும் 192.168.0 என்று மாறியது. முகவரிக் கோளாறு வைஃபைப் பெட்டியுடையது என்பது அங்கேயே தெரிந்தது. ஆனால் கேபிளிலும் மேசைக் கணினி திறக்கவில்லை. அப்படியானால் இன்னொரு கோளாறு இருக்கிறது, அது காற்றில் இல்லை. மேசைக் கணினி வீட்டு வலையைப் பொது இடம் என்று குறித்து வைத்திருந்தது, கடவுச்சொல்லும் இல்லை. இரண்டையும் சரிசெய்தேன், திறந்தது. பிறகு பின்கட்டுப் பெட்டியை மாற்றினேன், வைஃபையிலும் திறந்தது. எலி கடித்த கேபிளைச் சில வெள்ளிக்கு மாற்றியதும் வேகமும் வந்தது.

அன்றாட வாழ்வுக்கு வைஃபை வசதி; கோளாறு தேடக் கேபிள்தான் நம்பகம். கேபிளில் வேலை செய்து வைஃபையில் செய்யாவிட்டால் குற்றம் காற்றிலோ வைஃபை அமைப்பிலோ. இரண்டிலும் செய்யாவிட்டால் முதலில் அனுமதியைப் பாருங்கள். ஒரே ஒரு கேபிள், தேடலைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது. ஆகவே வீட்டில் எல்லாமே வைஃபை ஆனாலும், மூன்று மீட்டர்க் கேபிள் ஒன்றை அலமாரியில் வைத்திருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதி வையுங்கள்.

அக்காள் மகள் எழுதினாள். இரு கணினிகளின் எண்கள், பெட்டியில் மாற்றிய அமைப்பு, தேதி எல்லாம் ஒரு தாளில். அதை ரூட்டருக்குப் பின்னால் ஒட்டிவிட்டு, படங்களைத் திறந்தாள். பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்ற முகங்களில், “தாத்தா எது மாமா?” என்று கேட்டாள். இடமிருந்து நான்காவது ஆளைக் காட்டினேன்.